மரத்தை வெட்டாமல் அதன் கரிமத்தைக் கணக்கிடுதல்

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவை நாடாவால் அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். மதுரைத் தெருவோரத்தில் நிற்கும் வேம்பு ஒன்றின் சுற்றளவு 157 செ.மீ. எனில் அதன் விட்டம் 50 செ.மீ. ஆகும். உயரத்தை, அதன் நிழலை ஒரு மீட்டர் குச்சியின் நிழலோடு ஒப்பிட்டு அறியலாம்; 12 மீட்டர் எனக் கொள்வோம். வேம்பின் மர அடர்த்தி கன செ.மீட்டருக்குச் சுமார் 0.69 கிராம்.

வெப்பமண்டல மரங்களுக்காகப் பிரெஞ்சு ஆய்வாளர் ஷாவேயின் குழுவினர் 2014இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அப்பெருக்கத்தை 0.976 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கினால், நிலத்துக்கு மேலுள்ள உலர் எடை ஏறத்தாழ 1,100 கிலோ என வரும். விட்டம் வர்க்கமாவதால் நாடா சாய்ந்தாலே விடை வீங்கிவிடும். உயரத்தைவிட இதில்தான் கவனம் வேண்டும்.

இச்சமன்பாடு காட்டு மரங்களுக்குரியது. மின்கம்பிக்காகக் கிளை கழிக்கப்படும் நகர மரத்துக்கு 0.8 ஆல் பெருக்கிக் குறைப்பது வழக்கம்; எனவே 880 கிலோ. வேருக்காக 26 விழுக்காடு சேர்த்து, உலர் எடையில் கரிமத்தின் பங்கான 0.47 ஆல் பெருக்கினால் கரிமம் சுமார் 520 கிலோ, அதை 3.67 ஆல் பெருக்கினால் கரியமில வாயுவாக 1,900 கிலோ. விழுதூன்றிய ஆலமரத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. ஒவ்வொரு விழுதையும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கும்.

அழகர்மலை போன்ற காட்டில், வனத்துறையின் அனுமதியோடு, 20 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைக் குலுக்கல் முறையில் பல இடங்களில் தேர்ந்து, அவற்றுள் நிற்கும் மரங்களை அளந்து, ஒரு சதுரத்துக்கான கரிமத்தின் சராசரியை 25 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மதிப்பு கிடைக்கும். சரிவில் நாடாவைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.