வாஃபிள் ஸ்டிச்சில் குழி விழவில்லையா?

ஊட்டி, கோத்தகிரிக் குளிருக்குக் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) ஒரு மஃப்ளர் போட உட்காருபவர்கள், சங்கிலியும் சாதா வரிசையும் கைக்கு வந்ததும் தாவுவது பெரும்பாலும் வாஃபிள் ஸ்டிச்சுக்குத்தான். தேன்கூடு மாதிரி சதுரக் குழிகள், குழிக்குள் காற்று தங்குவதால் நல்ல கதகதப்பு. ஆனால் போட்டுப் பார்த்தால் சிலருக்குக் குழியே விழாது. சிலருக்கு மஃப்ளர் போகப் போக முக்கோணமாகிவிடும்.

முதல் குழப்பம் பெயரில். அமெரிக்க வீடியோக்களில் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பார்கள். பிரிட்டிஷ் டபுளோ அமெரிக்கர்களுக்கு சிங்கிள். அது குட்டை, பிடித்து இழுக்கத் தண்டே, அதாவது கண்ணியின் நிமிர்ந்த நடுப்பகுதியே, இருக்காது. வாஃபிளுக்குத் தண்டுதான் உயிர். இங்கே சொல்வது அமெரிக்க டபுள்: ஊசியில் ஒரு சுற்று நூல், குத்தி இழுத்தால் மூன்று கண்ணி, அவற்றை இரண்டிரண்டாகக் கழிக்க வேண்டும்.

சங்கிலி எண்ணிக்கை மூன்றின் மடங்கு, அதோடு 2. பழகுவதற்கு 23 போதும். ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் ஆரம்பித்தால் 21 டபுள் வரும். திரும்பும்போது போடும் 2 சங்கிலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அடுத்த டபுள் அதன் அடியிலேயே விழ வேண்டும். இதை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒன்று குறையும், முக்கோணத்துக்கு வழி அதுதான்.

இனி சாதா என்றால் கீழ்க் கண்ணியின் தலையில் குத்தும் டபுள், தண்டு டபுள் என்றால் கீழ்க் கண்ணியின் தண்டைச் சுற்றிப் போடுவது. இரண்டாம் வரிசை: 1 சாதா, பிறகு 1 தண்டு டபுள், 2 சாதா என 6 முறை, கடைசியில் 1 தண்டு, 1 சாதா. மூன்றாம் வரிசை: 1 சாதா, பிறகு 1 சாதா, 2 தண்டு என 6 முறை, கடைசியில் 2 சாதா. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். எந்த வரிசையை எண்ணினாலும் 21 வர வேண்டும்.

தண்டு டபுளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வலக்கைக்காரர்கள் நூலைச் சுற்றிக்கொண்டு, கீழ் வரிசைத் தண்டின் வலப்பக்கம் முன்னாலிருந்து பின்னுக்குக் குத்தி, இடப்பக்கம் முன்னுக்கு எடுக்க வேண்டும். தண்டு முழுவதும் ஊசிமேல் படுத்திருந்தால் சரி. அந்தத் தண்டின் 'வி' தலை பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைப் புதுக் கண்ணி என்று நினைத்துக் குத்தினால் 21 என்பது 22 ஆகிவிடும். இன்னொன்று, துணியைத் திருப்பியதும் 'முன்' என்பது எது என்ற சந்தேகம். எந்த வரிசையிலும் நம்மைப் பார்க்கும் பக்கமே முன். மறுபக்கம் வருகிறதே என்று பின்னாலிருந்து சுற்றினால் குழி நிரவிவிடும்.

முதல் முறைக்கு வெளிர்நிற, வழுவழுப்பான நூல், 5 மி.மீ. ஊசி. மூட்டம் போட்ட மத்தியானத்தில் கறுப்பு உல்லனில் தண்டைத் தேடுவது கண்ணுக்குத் தண்டனை. கை இறுக்கமானவர்கள் ஊசியை ஒரு சைஸ் கூட்டலாம்; இறுக்கிப் போட்டால் தண்டுக்குள் ஊசி நுழையாது.

இந்த ஸ்டிச் சாதா வரிசையைவிட அதிகம் நூல் தின்னும், அகலத்திலும் சுருங்கும். அதனால் 21 கண்ணி, 10 வரிசைத் துண்டு ஒன்றைப் போட்டு அளந்து, எடை பார்த்த பிறகே மொத்த நூலையும் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கான லேபிள் எண்) வாங்குங்கள். பாதியில் நூல் தீர்ந்து மறுபடி வாங்கப் போனால், அதே நிறம் என்று கொடுப்பதும் ஒரு சாயல் மாறியிருக்கும்.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் மலையில் துணி காயாது என்று எல்லாவற்றையும் அயர்ன் பாக்ஸால் காயவைக்கும் பழக்கம் நமக்குண்டு. அக்ரிலிக் நூலுக்கு அந்தச் சூடு ஆகாது. நூல் துவண்டு, குழி தட்டையாகும், பிறகு மீளாது. கொடியிலும் தொங்கவிட வேண்டாம், ஈர எடையில் நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, காற்றோட்டமான இடத்தில் இன்னொரு துண்டின்மேல் பரப்பிவிடுங்கள். குழிகளில் தண்ணீர் நிற்பதால் சாதாப் பின்னலைவிடக் காய நேரமாகும். தினமும் ஒரு தடவை புரட்டிவிட வேண்டும்.