பணிக்கொடையில் குறைந்த 29,500 ரூபாய்: கணக்கைச் சரி செய்த விதம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சங்கக் கிளையில் இருந்தபோது, 2018ல் பார்த்த ஒரு தொழிலாளியின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு இது. கடைசி மாதம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000. சர்வீஸ் 22 வருஷம் 7 மாசம். மில் கொடுத்த செக் 1,43,000.

தப்பு இரண்டு இடத்தில். சம்பளத்தை 30ஆல் வகுத்திருந்தார்கள். அப்போதிருந்த 1972ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டப்படி 26ஆல் வகுத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை முழு வருஷமாக எடுக்காமல் 22 என்றே போட்டிருந்தார்கள். சரியான கணக்கு: 13,000 ÷ 26 × 15 நாள் × 23 வருஷம் = 1,72,500.

செக்கை வாங்க மறுக்க வேண்டாம். வவுச்சரில் கையெழுத்துக்கு மேலே, "கணக்கை ஏற்கவில்லை, குறைவைக் கேட்கும் உரிமையோடு பெறுகிறேன்" என்று எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டோம். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தாலும் பணிக்கொடை உரிமை போகாது. 'கையெழுத்துப் போட்டாச்சு, இனி கேட்க முடியாது' என்று டைம் ஆபீஸ்காரர் சொல்வதை நம்பி வீட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம்.

பிறகு கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் மில்லுக்கு அனுப்பினோம். பதில் இல்லை. பணிக்கொடை மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம், அதற்கான மனுப் படிவம் 'என்' போட்டோம். இதற்கு அப்போது 90 நாள் கெடு. தாமதமானால் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இணைத்தவை கடைசி மூன்று சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்குச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை. வேலையில் சேர்ந்த தேதிக்கு இ.எஸ்.ஐ. அட்டையே நல்ல சாட்சி. மனுவில் 10 சதவீதத் தனிவட்டியும் கேட்டிருந்தோம்.

இரண்டாம் வாய்தாவுக்கு முன்பே மீதி 29,500 வந்துவிட்டது. வட்டிக்குத்தான் இன்னும் மூன்று வாய்தா அலைந்தோம்.