ஸ்விஃப்ட்டுக்கு விலை கம்மி ஹெட்லைட்: வாங்குறதுல இருந்து செவுத்துல லெவல் பாக்குற வரைக்கும்

என்கிட்ட இருக்கறது 2012 ஸ்விஃப்ட். ரெண்டு ஹெட்லைட்டும் வெயில்ல மஞ்சள் பூத்துப்போச்சு, டிரைவர் சைடுல போல்ட் மாட்டுற மேல் காது உடைஞ்சு பள்ளத்துல இறங்குனாலே லைட்டு மட்டும் தனியா ஆடும். கம்பெனி பார்ட் ஜோடி விலை கேட்டேன், இந்த வயசு வண்டிக்கு அவ்ளோ போட மனசு வரல, அதனால வெளி மார்க்கெட் பார்ட்டுக்குப் போனேன். முதல் தடவ தப்பா வாங்கி ரெண்டாவது தடவ சரியா வாங்கி ரெண்டு தடவயும் நானே கழட்டி மாட்டுனதால எங்கெங்க மாட்டிக்குவோம்னு நல்லா தெரியும். உங்களது வேற வண்டின்னா போல்ட் இருக்கற இடம் மாறும், மத்த வேலையெல்லாம் இதே தான்.

வாங்குறதுல தான் முக்கால்வாசி விஷயம் இருக்கு, அத முதல்ல சொல்லிடுறேன்.

நான் முதல்ல ஆன்லைன்ல வாங்குனேன். போட்டோ அச்சு அசல் அதே லைட்டு, விலை ரொம்ப கம்மி. மாட்டிட்டு ராத்திரி செய்யாறுல இருந்து வந்தவாசி ரோட்டுல போறேன், டிம்ல தான் போறேன், எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டியும் என்னப் பாத்து டிப்பர் அடிக்கிறாங்க. ஒரு பைக்காரர் கண்ண மறைச்சுக்கிட்டு ரோட்ட விட்டு மண்ணுல இறங்கிட்டாரு. பக்குனு ஆயிடுச்சு. ஒரு ஸ்கூல் காம்பவுண்ட் செவுரு வந்துச்சு, அதுக்கு நேரா நிறுத்திப் பாத்தேன். வெளிச்சம் இடது பக்கம் மட்டமா இருக்கு, வலது பக்கம் மேல ஏறுது. நம்ம ஊர்ல இடது பக்கமா போறோம், அதனால டிம் லைட்டு இடது ஓரத்துல தான் மேல ஏறணும், ஓரமா நடக்குற ஆளும் பலகையும் தெரியறதுக்கு. வலது பக்கம் தாழ்ந்து இருக்கணும், அங்க தான் எதிர் வண்டிக்காரர் கண்ணு இருக்கு. எனக்கு வந்தது வலது பக்கம் வண்டி ஓட்டுற நாட்டுக்குச் செஞ்ச லைட்டு. இத எந்த ஸ்க்ரூவத் திருப்பியும் சரி பண்ண முடியாது, உள்ள வெளிச்சத்தத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டரோட வடிவமே அப்படி. தூக்கி ஓரமா வெச்சேன், காசு போனது போனது தான்.

இத வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். கண்ணாடி ஓரத்துல பொடி எழுத்துல ஒரு வட்டத்துக்குள்ள ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு நம்பரும் போட்டிருக்கும், அதுக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கான்னு பாருங்க. லைட்டுக்கு முன்னாடி நின்னு பாக்குறப்ப அம்பு உங்க வலது கைப் பக்கம் காட்டுனா அது நம்ம மாதிரி இடது பக்கம் போற நாட்டுக்கானது. ரெண்டு பக்கமும் அம்பு இருந்தா ரெண்டுக்கும் ஆகும். வட்டம் இருந்து அம்பே இல்லன்னா வாங்காதீங்க, அது வலது பக்க நாட்டு லைட்டு. எந்த முத்திரையும் இல்லாத பீஸா இருந்தா கடையிலயே பேட்டரில கனெக்‌ஷன் குடுத்து செவுத்துல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா அடுத்த கடை.

கையில எடுத்துப் பாக்குறப்ப இன்னும் சிலது. பின்னாடி பல்ப் ஓட்டை வழியா செல்போன் டார்ச்ச உள்ள விட்டு, கண்ணாடியும் பின் கூடும் ஒட்டுற கோட்டச் சுத்திப் பாருங்க, வெளிச்சம் கசிஞ்சா தண்ணியும் கசியும். உள்ள வெள்ளி நிற முலாம் கண்ணாடி மாதிரி பளிச்சுனு இருக்கணும், மேகம் படிஞ்ச மாதிரி இருந்தா புதுசா இருந்தாலும் வெளிச்சம் வராது. காத லேசா வளைச்சுப் பாருங்க. லெவல் அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவ ரெண்டு சுத்து திருப்பிப் பாருங்க, ரிஃப்ளெக்டர் அசையணும், ரொம்ப மட்டமானதுல ஸ்க்ரூ சும்மா சுத்தும். டேஷ்போர்டுல லைட்ட ஏத்தி இறக்குற திருகு இருக்கற வேரியன்ட்னா அந்த மோட்டார் உக்கார்ற இடம் இதுல இருக்கான்னு கண்டிப்பா பாக்கணும்.

சென்னைன்னா ஜி.பி. ரோட்டுல லூமாக்ஸ், யூனோ மிண்டா மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனி பீஸ் கேளுங்க, பேர் இல்லாத டப்பாவ விட கொஞ்சம் கூட ஆகும், ஆனா அந்தக் கொஞ்சத்த குடுத்துடலாம். இன்னொரு வழி புதுப்பேட்டை. பழைய வண்டியில கழட்டுன ஒரிஜினல் லைட்டு, காது உடையாம உள்ள முலாம் நல்லா இருந்தா, கண்ணாடி மஞ்சளா இருந்தாலும் அத எடுப்பேன், புதுசுல மட்டமானத எடுக்க மாட்டேன். மஞ்சளத் தேய்ச்சு எடுத்துடலாம், கெட்டுப்போன ரிஃப்ளெக்டர ஒண்ணும் பண்ண முடியாது. எது வாங்குனாலும் ஜோடியா வாங்குங்க, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா ராத்திரி ரோடு ஒரு பக்கம் இருட்டாவே தெரியும்.

பல்ப் விஷயம். ஸ்விஃப்ட்ல ஹெச்4, 60/55 வாட். லைட்டு விலை கம்மியா வாங்கிட்டு பல்ப் மட்டும் 100/90 போடுறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. 60 வாட் பல்ப் 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல, அந்தச் சூட்டுக்கு ஹோல்டர் கருகும், மலிவு ரிஃப்ளெக்டர் முலாம் உரிஞ்சுடும். ஹாலஜன் கூட்டுக்குள்ள எல்இடி பல்ப் போடுறதும் எனக்கு ஒப்புதல் இல்ல. ஹெச்4 பல்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ரெண்டு இழை இருக்கும், டிம் இழைக்கு அடியில குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு தான் வெளிச்சத்த மேல போகாம வெட்டி விடுது, இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிஞ்சு இருட்டு ஆரம்பிக்கிற கோடு, கலைஞ்சுடும். மலிவு எல்இடி பல்ப்ல அந்த இடம் சரியா வர்றதில்ல. வெளிச்சம் பத்தலன்னா பல்ப் ஹோல்டர்ல மீட்டர் வெச்சு வோல்டேஜ் பாருங்க, பழைய வயர்ல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா ஹாலஜன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். எர்த் போல்ட்ட சுரண்டி சுத்தம் பண்ணி, தேவைன்னா ரிலே (பேட்டரி கரன்ட்ட நேரா லைட்டுக்கு விடுற ஸ்விட்ச்) போட்ட வயரிங் கிட் போட்டாலே பழைய பல்ப் பளிச்சுனு எரியும்.

இப்ப கழட்டுறது. கழட்டுறதுக்கு முந்துன ராத்திரி ஒரு வேலை இருக்கு, பழைய லைட்டு லெவல் சரியா இருந்துச்சுன்னா வண்டிய செவுத்துக்கு நேரா நிறுத்தி வெட்டுக்கோடு விழுற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்க, வண்டி நின்ன இடத்தயும் தரையில சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க. பின்னாடி நேரம் மிச்சம்.

இன்ஜின் ஆறுனதும் பேட்டரி மைனஸ் கழட்டிடுங்க. 10 நம்பர் சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஃப்ளாட் ஒண்ணு, இவ்ளோ தான் டூல்ஸ். ஸ்விஃப்ட்ல பம்பர் கழட்டாம லைட்டு வராது. பானெட்டத் தூக்கி மேல இருக்கற கிளிப், வீல் ஆர்ச்சுக்குள்ள ஸ்க்ரூ, அடியில இருக்கற கிளிப், எல்லாத்தயும் எடுத்துட்டு பம்பரோட ரெண்டு ஓரத்தயும் வெளிப்பக்கமா இழுத்தா டக்குனு விடும். தனியா பண்ணாதீங்க, ஒரு ஆள் பிடிக்கலன்னா பம்பர் தரையில விழுந்து பெயின்ட் போயிடும். ஃபாக் லேம்ப் இருந்தா வயரயும் கழட்டணும், மறந்து இழுத்தா சாக்கெட்டே உடையும். கிளிப் நடு பின்ன முதல்ல தூக்கிட்டு அப்புறம் தான் முழு கிளிப்ப நெம்பணும், பழைய பிளாஸ்டிக் எப்படியும் ரெண்டு மூணு உடையும், முன்னாடியே பத்து கிளிப் வாங்கி வெச்சுக்குங்க. எடுக்க எடுக்க எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுங்க.

லைட்டுக்கு மேல தெரியுற போல்ட்ட மட்டும் கழட்டிட்டு இழுக்காதீங்க, பம்பருக்கு அடியில மறைஞ்சும் போல்ட் இருக்கும், அதுக்கு அப்புறமும் வரலன்னா ஓரத்துல ஒரு பின் மாட்டியிருக்கும், நேரா முன்னாடி இழுத்தா வரும். சாக்கெட்ட லாக் அழுத்தி எடுங்க, வயரப் பிடிச்சு இழுக்கக் கூடாது. பழைய லைட்டுல இருந்து பார்க்கிங் பல்ப், இண்டிகேட்டர் ஹோல்டர், லெவல் மோட்டார், பின்னாடி ரப்பர் மூடி எல்லாத்தயும் பத்திரமா எடுங்க, மலிவு பீஸோட வர்ற ரப்பர் விறைப்பா இருக்கும், பழைய ரப்பர் தான் நல்லா உக்காரும்.

ஹெச்4 பல்ப்ல மூணு காது, மேல் காது அகலமா இருக்கும், ஒரே திசையில தான் உக்காரும், ஆடுனா சரியா உக்காரலன்னு அர்த்தம். பல்ப் கண்ணாடியில விரல் படக்கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடாகி பல்ப் சீக்கிரம் போயிடும், பட்டுட்டா ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சிடுங்க.

புது லைட்ட வெச்சு போல்ட்ட எல்லாம் பாதி முறுக்குல விட்டு, பானெட்ட மெதுவா மூடி இடைவெளி பாருங்க. மலிவு பீஸ்ல ஓட்டை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளித் தான் இருக்கும், போல்ட்ட இழுத்து முறுக்கி சேர்க்காதீங்க, காது விரிஞ்சுடும். ஓட்டைய அரத்துல லேசா நீட்டிக்குங்க. பம்பர் மாட்டுறதுக்கு முன்னாடியே பேட்டரிய மாட்டி டிம், பிரைட், பார்க்கிங், இண்டிகேட்டர் எல்லாம் போட்டுப் பாருங்க. இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிச்சா அந்தப் பக்கம் பல்ப் எரியல, இல்ல வேற வாட் பல்ப் போட்டிருக்கீங்க.

லெவல் பாக்குறத யாரும் விடாதீங்க, மெக்கானிக்கே நிறைய பேர் விட்டுடுறாங்க. டயர்ல காத்து சரியா இருக்கணும், டிரைவர் சீட்ல ஒரு ஆள் உக்காரணும், டேஷ்போர்டு திருகு 0ல இருக்கணும். சமதரையில வண்டிய செவுத்த ஒட்டிக் கொண்டுபோய் ரெண்டு பல்போட நடுவுக்கும் நேரா செவுத்துல குறி போடுங்க. அப்புறம் நேரா 5 மீட்டர் பின்னாடி வாங்க. டிம் போட்டா வெட்டுக்கோட்டோட மட்டமான பகுதி அந்தக் குறிக்கு 5 சென்டிமீட்டர் கீழ விழணும், கோடு மேல ஏற ஆரம்பிக்கிற மடிப்பு குறிக்கு நேர் கீழ இருக்கணும், இல்லன்னா லெவல் ஸ்க்ரூவத் திருப்பிக் கொண்டு வாங்க. ஒரு லைட்ட பாக்குறப்ப இன்னொன்னோட சாக்கெட்ட கழட்டி வெச்சுக்குங்க, துணி போட்டு மூடாதீங்க, சூட்டுல கண்ணாடி கெடும். முன்னாடி டேப் ஒட்டியிருந்தீங்கன்னா அதோடயும் ஒத்துப் பாத்துக்கலாம்.

மறுநாள் வண்டிய நல்லா கழுவி ராத்திரி விட்டுட்டு காலையில பாருங்க. உள்ள லேசா பனி மாதிரி படிஞ்சு லைட்டு போட்டு கொஞ்ச நேரத்துல போயிட்டா பிரச்சனை இல்ல. சொட்டு சொட்டா ஓடுனா ஒட்டு விட்டிருக்கு, கழட்டி காய வெச்சு கோட்டுல பசை போடணும். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் போடாதீங்க, அந்த ஆவி உள்ள முலாம அரிச்சிடும். பின்னாடி காத்து போற குட்டிக் குழாயயும் அடைச்சிடாதீங்க, அத அடைச்சா ஈரம் வெளிய போக வழியே இல்லாம போயிடும்.

ஒரு வாரம் ஓட்டுனதுக்கு அப்புறம் அதே செவுத்துல இன்னொரு தடவ பாருங்க, எனக்கு கிளீனர் சைடு ரெண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்துச்சு, போல்ட் ஒண்ணு லூஸ். முறுக்கிட்டு திரும்ப லெவல் வெச்சேன், அதுக்கப்புறம் வந்தவாசி ரோட்டுல ராத்திரி நாலு தடவ போயிட்டு வந்துட்டேன், யாரும் டிப்பர் அடிக்கல.