மாடியில் ஒரு பாசித் தொட்டி: சுருள்பாசி வளர்த்து விற்கத் தொடங்குவது எப்படி?

பாசித் தொழில் என்றதும் பலர் இன்னும் பாசியிலிருந்து எடுக்கும் டீசலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எக்ஸான்மொபில் போன்ற பெரிய எண்ணெய் நிறுவனமே 2009-ல் பாசி எரிபொருள் ஆராய்ச்சியில் பெரும் பணத்தோடு இறங்கி, 2023-ல் விலகிக்கொண்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம், ஒரு கிராம் என்று மிதக்கும் பாசியை வடித்து, காயவைத்து, எண்ணெய் எடுத்து, டீசல் விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதே பாசியைத் தீவனமாகவோ உணவாகவோ நிறமியாகவோ விற்றால் கிராம் கணக்கில் காசு.

இது நமக்குப் புதிய வியாபாரமும் இல்லை. நோன்புக் காலத்தில் வீட்டில் செய்யும் கடல்பாசி இனிப்புக்குச் சேர்க்கிறோமே சைனா கிராஸ், அது பாசிதான். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அதற்குத்தான் போகின்றன. ஆனால் கடல் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஏற்றது சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா. உலர்ந்த எடையில் 55 முதல் 70 சதவீதம் புரதம். தொட்டியும் வெயிலும் இருந்தால் வளரும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் மனிதர்களுக்கு விற்க நினைக்காதீர்கள். வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு விற்றுப் பழகுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

தொட்டி

10 அடி நீளம், 5 அடி அகலம். செங்கல்லை அடுக்கி, உள்ளே கெட்டியான தார்ப்பாய் விரித்தால் போதும். ஒரு ஜாணுக்குச் சற்றுக் குறைவாக (எட்டரை அங்குலம்) தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட 1,000 லிட்டர். ஆழம் கூட்டினால் விளைச்சல் கூடும் என்று நினைக்க வேண்டாம், அடியில் வெளிச்சம் போகாது. 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. மாடி தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். மேலே மழையும் தூசியும் விழாமல் பாலித்தீன் கூரை, கோடையில் அதன்மேல் நிழல்வலை. 30 முதல் 35 டிகிரி சூடு இதற்குப் பிடிக்கும். 40-ஐத் தாண்டினால் ஆபத்து.

தண்ணீரும் சத்தும்

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஓரிரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். 1,000 லிட்டருக்கு நான் போடும் அளவு இது: ஆப்ப சோடா 8 கிலோ (சலவை சோடா இல்லை), கல் உப்பு 5 கிலோ, பொட்டாசியம் நைட்ரேட் 2 கிலோ, பொட்டாசியம் சல்பேட் 1 கிலோ, மெக்னீசியம் சல்பேட் 200 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 100 கிராம், அன்னபேதி எனும் இரும்பு சல்பேட் 10 கிராம். அன்னபேதியை நேராகக் கொட்டினால் துரு போல அடியில் படிந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அதில் கரைத்து ஊற்றினால் பாசிக்குக் கிடைக்கும்.

யூரியா மலிவு என்று சிலர் சொல்வார்கள். இந்தக் காரத் தண்ணீரில் யூரியா கொஞ்சம் கூடினாலும் அமோனியாவாக மாறி ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். கை பழகும்வரை வேண்டாம்.

விதைப்பாசி விடுவது

புதியவர்கள் தோற்பது இங்கேதான், நானும் தோற்றேன். முதல் முறை ஒரு கேன் விதைப்பாசியை (பெருக்குவதற்கு வாங்கும் உயிர்ப்பாசி) மே மாத வெயிலில் நேராக முழுத் தொட்டியில் ஊற்றினேன். முதல் நாள் இளம்பச்சை, இரண்டாம் நாள் மஞ்சள், மூன்றாம் நாள் சாம்பல் நிற நுரை. பாசி நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும். நீர்த்துப்போனால் வெயில் அதை வெளுத்துவிடும்.

அதனால் படிப்படியாகப் பெருக்குங்கள். 20 லிட்டர் கேனில் கரும்பச்சை ஆனதும் அதே அளவு சத்துநீர் (மேலே சொன்ன சத்துகள் கரைத்த தண்ணீர்) சேர்த்து 40 லிட்டர். அது கறுத்ததும் 80. இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே வந்தால் ஐந்தாறு முறையில் தொட்டி நிரம்பிவிடும். சத்துநீர் சேர்த்ததும் இரண்டு நாள் நிழலில் வையுங்கள். தினமும் நான்கைந்து முறை சுத்தமான துடைப்பத்தால் மெதுவாகக் கலக்க வேண்டும்.

வாரம் இரண்டு முறை, காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் எட்டரை அளவில் இருப்பது, பாசி வளர வளர பத்தை நோக்கி ஏறும். அந்தக் காரம்தான் காவல், வேறு பாசியும் புழுவும் அதில் எளிதில் தலைகாட்டாது.

விதைப்பாசியை ஏற்கெனவே வளர்ப்பவரிடம் வாங்கலாம். புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நீலப்பச்சைப் பாசி (சுருள்பாசி இந்த வகைதான்) இனங்களைச் சேமித்துப் பராமரிக்கிறது. எங்கே வாங்கினாலும் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பார்க்கக் கேளுங்கள். ஸ்பிரிங் போலச் சுருள்சுருளாகத் தெரிய வேண்டும். ஒரே நீளக் கோடுகளாக இருந்தால் துணியில் வடிக்கும்போது வழிந்து ஓடிவிடும்.

அறுவடை

ஒரு ஸ்கேலின் முனையில் வெள்ளை மூடி ஒன்றை ஒட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். 3 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மூடி கண்ணுக்கு மறைந்தால் அறுவடைக்கு ஆயிற்று. 5 சென்டிமீட்டர் வரை தெரிந்தால் காத்திருங்கள். அதிகாலையில் மொண்டு, 50 மைக்ரான் கண் உள்ள நைலான் துணியில் ஊற்றுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் இந்தத் துணி கிடைக்கும். வடிந்த நீரைத் தொட்டிக்கே விடலாம். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

துணியில் தங்கியது தயிர்க்கட்டி போல இருக்கும். அதை மூட்டையாகக் கட்டி, மேலே எடை வைத்துப் பிழியுங்கள். சொட்டும் நீர் தெளிவாக இருந்தால் சரி. பச்சையாகவோ நீலமாகவோ சொட்டினால் அதிகம் அழுத்திவிட்டீர்கள், செல் உடைந்து சத்து வெளியே போகிறது.

பிழிந்த கட்டியை முறுக்கு அச்சில் போட்டு, ஓமப்பொடித் தட்டு வழியாகச் சுத்தமான வலைமேல் மெல்லிய இழைகளாகப் பிழிய வேண்டும். அன்றைக்கே காய வேண்டும், 60 டிகிரிக்குமேல் சூடு போகக் கூடாது. கண்ணாடி மூடிய சூரிய உலர்த்தி நல்லது. இழையை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. மறுநாளுக்கு இழுத்த பாசி மீன் கருவாடு போல நாறும். அதை விற்கவே விற்காதீர்கள்.

இந்த அளவுத் தொட்டியில் நன்றாக நடந்தால் மாதம் 700 கிராம் முதல் 1 கிலோ வரை உலர்ந்த பாசி. ஒவ்வொரு 100 கிராம் எடுத்ததற்கும் 140 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் மற்றவற்றில் சிறிதளவும் திரும்பப் போட்டால்தான் பச்சை நிற்கும்.

யாருக்கு விற்பது?

சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் வண்ண மீன் வளர்ப்பும் விற்பனையும் பெரிய அளவில் நடக்கின்றன. சுருள்பாசியில் உள்ள கரோட்டினாய்டு எனும் நிறமி மீனின் சிவப்பையும் ஆரஞ்சையும் தூக்கிக் காட்டும். வளர்ப்பவர்களுக்கு இது தெரியும், விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 25 கிராம் பொட்டலமாகப் போட்டால் ஒரு கிலோ நாற்பது பொட்டலம். இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் மாதிரி கொடுத்து, மூன்று வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அவர்களின் தொட்டி மீனே பதில் சொல்லும்.

மனிதர் உண்ணும் பொருள் என்றால் கதையே வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள், கிருமி எண்ணிக்கை, பாசி நச்சு எல்லாவற்றுக்கும் ஆய்வகச் சோதனை வேண்டும். உரத் தரச் சத்துகளை விட்டு உணவுத் தரத்துக்கு மாற வேண்டும். சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் தீரும் என்று உறையில் அச்சடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பி12 வைட்டமின் நிறைய என்று சொல்வதும் தவறு. இதில் இருப்பது பெரும்பாலும் மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம்.

"விதை எங்களிடம் வாங்குங்கள், விளைந்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று பயிற்சிக் கட்டணத்தோடு சேர்த்துப் பணம் கேட்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஈமு கோழியில் இதே பேச்சை நம்பி எத்தனை குடும்பங்கள் நிலத்தை இழந்தன! திரும்ப வாங்குபவர் யாருக்கு விற்கிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொஞ்சம் தூரத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. காய்ந்த பாசியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் இறங்கி, மேலே நீலம் மிதக்கும். அது பைகோசயனின் எனும் நீல நிறமி. இயற்கை உணவுப் பொருள்களில் நீலம் அரிது. 2013-ல் அமெரிக்க உணவு மருந்துக் கழகம் சுருள்பாசிச் சாறை மிட்டாய், சூயிங்கம் நிறமியாக அனுமதித்தது. சூட்டில் வெளுத்துப்போகும் என்பதுதான் அதன் பலவீனம். பிரித்தெடுப்பதற்குக் கருவி வேண்டும், இப்போதைக்குத் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் பாசியைச் சரியாகக் காயவைத்தீர்களா என்பதற்கும் இந்தக் குவளை ஒரு சோதனைதான். நீலம் மங்கலாக வந்தால் உலர்த்தியில் சூடு கூடிவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கும் முன் நல்ல பாசியில் 20 லிட்டர் எடுத்து, வீட்டுக்குள் ஜன்னலோரம் தனியாக வைத்துவிடுங்கள். மீன் தொட்டி மோட்டார் ஒன்றைப் போட்டுக் காற்று விட்டால் போதும். தொட்டி கெட்டாலும் தை மாதம் அதிலிருந்தே மறுபடி பெருக்கிக்கொள்ளலாம்.