“பைபர் இருக்கு”, “இல்லை”, “வரும்”: உங்கள் வீட்டு விலாசத்துக்கு எது உண்மை என்று கண்டுபிடிப்பது எப்படி?

அக்கா குடும்பம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓடும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி வீடொன்றுக்கு வாடகைக்கு வந்தது. மகன் ஏ.எல். எடுக்கிறான், பாதி வகுப்புகள் ஒன்லைனில். அத்தானுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை. பைபர், அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இன்ரர்நெட் எடுக்க நினைத்து, ஒரு இன்ரர்நெட் கம்பனியின் இணையத்தளத்தில் விலாசத்தைப் போட்டுப் பார்த்தோம், “பைபர் உண்டு” என்று வந்தது. கோல் சென்ரருக்கு எடுத்தால், “அந்த விலாசத்துக்கு இல்லை மேடம்.” சனிக்கிழமை வாசலுக்கு வந்த விற்பனைப் பொடியன், “ரெண்டு நாளில போட்டுத் தாறம் அக்கா” என்று படிவம் நிரப்பிக்கொண்டு போனான். பத்து நாள் கழித்து வந்த டெக்னீசியன் போஸ்ட்டில் ஏறி இறங்கி, போர்ட் (பெட்டியில் நம் வீட்டு வயரைச் செருகும் இடம்) இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு கிழமை அலைந்தபிறகுதான் விளங்கியது: நாலு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆறு கிழமை உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலைதான்.

படி 1: “பைபர்” என்று எதைச் சொல்கிறார்கள்?

கண்ணாடி இழை உங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே வந்து முடிந்தால்தான் அது முழு பைபர். எஃப்.டி.டி.எச். என்று சொல்வது இதைத்தான். வீதியோரத்துப் பெட்டிவரை இழை வந்து, அங்கிருந்து பழைய செப்புக் கம்பியில் வீட்டுக்கு வந்தால் அது வி.டி.எஸ்.எல். சிம் போட்ட ரவுட்டர் என்றால் அது 4ஜி. மூன்றையும் “ஹோம் புரோட்பாண்ட்” என்ற ஒரே பெயரில் விற்கலாம். அதனால் “இன்ரர்நெட் எடுக்கலாமா?” என்று கேட்டால் “ஓம்” என்ற பதில்தான் வரும். அது 4ஜியைப் பற்றிய “ஓம்” ஆக இருக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு லைன் இருந்தால் ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். தொலைபேசி வயர் போலச் சின்னச் செருகி, முன்னால் டி.எஸ்.எல். என்ற லைட் என்றால் செப்பு. பச்சைத் தலையுள்ள மெல்லிய வயர், பொன் (PON), லொஸ் (LOS) என்று இரண்டு லைட் என்றால் பைபர். கழற்றிய பைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் 1490 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

படி 2: உங்கள் விலாசம் அவர்களுடைய கணினியில் எப்படி இருக்கிறது?

குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. கொழும்பில் ஒரு வீதிக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம். நாங்கள் டூப்ளிகேஷன் ரோட் என்போம், பதிவில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை. ஹைலெவல் பக்கம் போகும் ஹெவ்லொக் ரோட்டுக்கு இப்போது சம்புத்தத்வ ஜயந்தி மாவத்தை என்று பெயர். வெள்ளவத்தைப் பழைய ஆட்கள் இன்னும் ஹை ஸ்ட்ரீட் என்று சொல்லும் வீதி டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. வெள்ளவத்தை என்ற ஊர்ப்பெயரையே ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து ‘ஏ’யா ‘ஈ’யா என்று இரண்டு வழக்கு இருக்கிறது. கணினி இதையெல்லாம் பொருத்திப் பார்க்காது. எழுத்து மாறினால் அதற்கு அது வேறு விலாசம்.

இலக்கம் இன்னும் மோசம். ஒரு காணியில் நின்ற தனி வீட்டை இடித்துவிட்டு ஆறு மாடி எழுப்பினால், கம்பனியின் பதிவில் பழைய வீட்டு இலக்கம் மட்டும் இருக்கலாம். அக்காவின் வீட்டுக்கு நடந்தது இதுதான். இணையத்தளத்தில் நான் கட்டட இலக்கத்தை மட்டும் போட்டேன், “உண்டு” என்றது. கோல் சென்ரர் பிள்ளை வீட்டு இலக்கம் 3/2 என்பதையும் சேர்த்துத் தேடியிருக்கிறார். அப்படியொரு விலாசம் அங்கே இல்லை. ஆகவே “இல்லை”.

செய்ய வேண்டியது: கரண்ட் பில், தண்ணீர் பில், மாநகர சபையின் சோலைவரிப் பத்திரம் மூன்றையும் மேசையில் வையுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் படம் பிடித்து வாங்குங்கள். மூன்றிலும் விலாசம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வடிவத்தையும் இணையத்தளத்தில் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். வரும் பதிலைத் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பக்கத்து வீட்டு இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் “உண்டு”, நடுவில் உங்களுக்கு மட்டும் “இல்லை” என்றால் பிழை அநேகமாகப் பதிவில்தான்.

கூகுள் மெப்பில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். வெள்ளவத்தை என்றால் 6.87, 79.86 என்றவாறு தொடங்கும். அதையும் எழுதி வையுங்கள். வீதிப் பெயரில் வரும் சண்டை எண்ணில் வராது.

படி 3: போஸ்ட்டைப் போய்ப் பாருங்கள்

வீட்டுக்குக் கிட்ட உள்ள கம்பத்தில், அல்லது கட்டடத்தின் கீழ்மாடியில், பைபர் பிரியும் சிறிய பெட்டி இருக்கும். அதன் மேல் ஓர் இலக்கம் எழுதியிருக்கும். ஃபோனில் சூம் பண்ணிப் படம் எடுங்கள். ஏறவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். பல கம்பங்களில் மின்கம்பியும் போகிறது.

“பெட்டி வாசலிலேயே இருக்கு, இன்னொரு வயர் இழுத்தால் என்ன?” என்று அக்கா கேட்டாள். எல்லாரும் கேட்கும் கேள்விதான். எக்ஸ்சேஞ்ச் என்ற கம்பனியின் தொலைபேசி நிலையத்தில் இருந்து வருவது ஒரே ஓர் இழை. வழியில் ஸ்பிளிட்டர் என்ற கண்ணாடிப் பிரிப்பான் அதன் ஒளியைப் பங்கிட்டு, 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறது. ஜீபொன் என்ற இந்த முறையில் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இறக்கத்துக்கு (டவுன்லோட்) விநாடிக்கு 2.5 கிகாபிட், ஏற்றத்துக்கு (அப்லோட்) 1.25 கிகாபிட். ஒளியை இரண்டாகப் பிரித்தாலே பாதிக்கும் குறைவாகத்தான் ஒவ்வொரு பக்கமும் போகும். அளவுக்கு மீறிப் பிரித்தால் வீட்டு ரவுட்டருக்குக் கண் தெரியாது. டெக்னீசியன் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீற்றரில் மைனஸ் 27 டீபீஎம் (dBm, அந்தப் பலத்தின் அலகு) என்ற எல்லைக்குக் கீழே இறங்கினால் லைன் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. அந்தப் பங்குகளில் சிலதான் ஒரு பெட்டிக்கு வரும்; அதனால்தான் பெட்டியில் 8 போர்ட் என்றால் 8 வீடு. ஒன்பதாவது வீட்டுக்கு அவர்கள் பெட்டியைப் பெருப்பிக்க வேண்டும்.

ஆக, ஒழுங்கையில் பைபர் இருப்பது வேறு, உங்களுக்கு ஒரு போர்ட் இருப்பது வேறு. விற்பனைப் பொடியன் ஒழுங்கையைப் பார்த்தான். டெக்னீசியன் போர்ட்டைப் பார்த்தார்.

படி 4: சரியான கேள்வியைக் கேளுங்கள்

கோல் சென்ரரில் “பைபர் இருக்கா?” என்று கேட்காதீர்கள். பெட்டியின் இலக்கத்தைச் சொல்லி, “இந்தப் பெட்டியில் வெறும் போர்ட் இருக்கா? இல்லையென்றால் எங்கட விலாசத்துக்கு வேற எந்தப் பெட்டியில இருந்து தரலாம்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியோடு எங்கள் விஷயம் மேலே உள்ளவர்களிடம் போனது. டெக்னீசியன் வந்து நிற்கும்போது சிங்களத்தில் கேட்க வேண்டுமென்றால், “பொக்ஸ் எகே போர்ட் எகக் ப்ரீ த?” போதும்.

கூடவே இதையும் கேளுங்கள்: “இந்த வீட்டில் முன்பு இருந்தவர்களுடைய லைன் இன்னும் பதிவில் இருக்கா?” எங்கள் முடிச்சு கடைசியில் அங்கேதான் அவிழ்ந்தது. முன்பு குடியிருந்தவர்கள் லைனை ஒப்படைக்காமலே போய்விட்டார்கள். பெட்டியில் நிரம்பியிருந்த எட்டு போர்ட்டில் ஒன்று அக்காவின் வீட்டுக்கே உரியது. வயர்கூடச் சுவருக்குள் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. இணையத்தளம் “உண்டு” என்று சொன்னதும் அந்தப் பழைய லைனைப் பார்த்துத்தான். வீட்டுக்காரரின் கடிதமும் வாடகை ஒப்பந்தப் பிரதியும் கொடுத்தபிறகு பழைய பதிவை நீக்கி, அதே போர்ட்டை எங்களுக்குத் தந்தார்கள்.

படி 5: பதிலை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ப்பேச்சு அடுத்த ஆளிடம் போகாது. ஒவ்வோர் அழைப்பிலும் முறைப்பாட்டு இலக்கம், நேரம், கதைத்தவரின் பெயர் மூன்றையும் குறியுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் போடுங்கள்: விலாசத்தின் எல்லா வடிவங்கள், மெப் எண்கள், பெட்டியின் படம், முரணான பதில்கள் திகதியோடு.

நியாயமான காலம் கொடுத்தும் பதில் இல்லை என்றால், அதே கடிதத்தை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், அதன் 1996 திருத்தம் ஆகியவற்றின் கீழ் இயங்கும் அரச அமைப்பு அது. அலுவலகம் கொழும்பு 08, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. முதலில் கம்பனியிடம் முறையிட்டதற்கான ஆதாரத்தை இணைக்க மறக்காதீர்கள்.

படி 6: தொடர்மாடி என்றால்

வெளியில் இருந்து உள்ளே வயர் கொண்டுபோக முகாமைத்துவக் குழுவின் அனுமதி தேவைப்படும். டெக்னீசியன் வரும் நாளுக்கு முன்பே வாங்கி, காவலாளியிடமும் சொல்லி வையுங்கள். வாசலில் மறித்தால் டெக்னீசியன் “வாடிக்கையாளர் தயாரில்லை” என்று எழுதிவிட்டுப் போவார். நீங்கள் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

படி 7: பழைய லைனை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

புதிய லைனில் பொன் லைட் அசையாமல் எரிந்து, லொஸ் லைட் அணைந்து, இரண்டு மூன்று நாள் இரவு நேரத்திலும் ஒழுங்காக ஓடியபிறகு பழையதை நிறுத்துங்கள். வீட்டுத் தொலைபேசி இலக்கம் அதே இலக்கமாகவே வருமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். ஊரில் உள்ள அம்மாமாருக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்.

வீடு மாறிப் போகும்போது லைனை எழுத்தில் ஒப்படைத்து, நிறுத்தியதற்கான கடிதத்தை வாங்குங்கள். “போர்ட்டையும் விடுவித்துவிட்டீர்களா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரும் குடும்பத்திலும் ஏ.எல். எடுக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம்.