சத்தம் வந்தாலே ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை என்று மலைப்பாதையில் அடிக்கடி போய்வரும் கார்களுக்கு முன்பக்க ஷாக்கில் வேலை அதிகம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டியின் கனம் முன்னால் சாய்கிறது. பார லாரிகள் ஓடி அலை அலையாகிப்போன தார் வேறு. அதற்காகப் பள்ளத்தில் ‘கடக்’ என்று கேட்டவுடன் ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் வால்வின் நுண்ணிய துளைகளில் எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாய்வதால் ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் குறைந்தாலோ வால்வு தளர்ந்தாலோ அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். பெரும்பாலும் சத்தமே இருக்காது, ஓட்டுபவரின் கையும் அதற்குப் பழகிவிடும்.

சத்தம் போடுவது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவை. சின்னக் கற்களில் மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்றால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குத் தண்டோடு இணைக்கும் சின்னக் கம்பி). பிரேக் பிடிக்கும்போது ஒரு தட்டு, விடும்போது ஒரு தட்டு என்றால், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கத் தொகுதிதான் ஸ்ட்ரட்; அதன் உச்சியை வண்டியின் உடலோடு பிடிப்பது மவுண்ட். வண்டி கல் மாதிரித் தூக்கிப் போடுகிறது என்றால் டயர் காற்றை அளந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

பானட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது. விட்டதும் மேலே வந்து அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் செத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆடாமல் நின்றால் நல்லது என்று அர்த்தமில்லை. பாதி தேய்ந்த ஷாக்கும் இதில் தேறிவிடும். வண்டிக்கு அடியில் பாருங்கள். மேல் சீலுக்குப் பக்கத்தில் லேசான ஈரப்பசை இருப்பது இயல்பு. எண்ணெய் உடம்பில் வழிந்து தூசி பிடித்துச் சேறாக அப்பியிருந்தால் அதுதான் கசிவு. டயரின் முகத்தில் சுற்றிலும் உள்ளங்கையை ஓட்டுங்கள். இடைவெளி விட்டு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக்கொண்டிருக்கிறது. சாரல் விழும் ஜூன், ஜூலையில் நனைந்த இறக்கத்தில் இது உயிர் விஷயம்: குதிக்கிற சக்கரத்தால் பிரேக்கின் பலத்தைச் சாலைக்குக் கொடுக்க முடியாது.

சபரிமலை சீசனுக்கு முன்னால், ஆளும் பையும் ஏற்ற வேண்டியிருக்கிறதே என்று ஸ்பிரிங் சுருளுக்குள் ரப்பர் பஃபர் செருகுகிறார்கள். வண்டி உயரும், ஆட்டம் அடங்காது. பழைய ஷாக்கைத் துளையிட்டு எண்ணெய் ஊற்றி வெல்டு வைத்துக் கொடுப்பதை வாங்கவே வாங்காதீர்கள். தேய்ந்த சீலும் வால்வும் உள்ளே அப்படியே இருக்கும், உள்ளே அழுத்தி அடைத்திருந்த வாயுவும் போயிருக்கும்.

மாற்றுவதென்றால் ஒரே அச்சில் இடமும் வலமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதானால் வளைவுக்கு வளைவு வண்டியின் நடத்தை மாறும். அதோடு மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி முட்டாமல் தடுக்கும் மெத்தை), தூசி உறை ஆகியவற்றையும் புதிதாகப் போடுங்கள். பம்ப் ஸ்டாப் நொறுங்கியிருந்தால் புது ஷாக் பெரிய பள்ளத்தில் அடிமுட்டிக் கெட்டுப்போகும்.

மிக ஆபத்தான தவறு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் போட்டு இறுக்காமல், ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டைக் கழற்றுவது. அடைபட்ட ஸ்பிரிங் தெறித்தால் தாடையைப் பெயர்த்துவிடும். ஸ்பிரிங் இரண்டு பக்கத் தட்டிலும் தளர்ந்து சுழல்கிறதா என்று பார்த்த பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது ஷாக்கின் நடுத்தண்டான ராடு கூடவே சுற்றினால் அதன் தலையில் ஆலன் சாவி போட்டுப் பிடியுங்கள். பிளையரால் ராடைக் கவ்வினால் பளபளப்பில் கீறல் விழும், ஒவ்வொரு அசைவிலும் அந்தக் கீறல் சீலை அறுக்கும். புது ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து மூன்று நான்கு முறை முழுதாக அமுக்கி இழுங்கள்; படுத்துக் கிடந்தபோது உள்குழாயில் புகுந்த காற்று வெளியேறும். ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். சக்கரம் மாட்டும் பாகமான நக்கிளைப் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பின் ஷாக்கின் ரப்பர் புஷ் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். கையளவு முறுக்கிவிட்டு, வண்டியின் கனம் சக்கரத்தில் நின்ற பிறகு, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்ட் கலையும், வேலை முடிந்த கையோடு பார்த்துவிடுங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் மட்டும் ஷாக் மாற்றிய பிறகும் ‘உம்’ என்று இரைந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டுப் புது ஷாக்கைக் கழற்ற வேண்டாம்.