வடசென்னை வீட்டில் இன்குபேட்டர்: குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாவது ஏன்?

21 நாள் தாண்டியும் ஓடு உடையவில்லை. 23-ஆம் நாள் பிரித்துப் பார்த்தால் குஞ்சு முழுசாக வளர்ந்திருக்கிறது. இறகு, அலகு எல்லாம் இருக்கிறது; ஆனால் உடம்பு உப்பி, கோந்து தடவியதுபோல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரப் பகுதிகளில் வீட்டில் முட்டை பொரிக்க வைப்பவர்களுக்கு இது பழகிப்போன ஏமாற்றம். முட்டை சரியில்லை, சேவல் சரியில்லை என்று பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது, முதல் நாளே இன்குபேட்டர் பெட்டிக்குள் நிரப்பி வைத்த தண்ணீர்க் கிண்ணத்தை.

தண்ணீர்க் கிண்ணம்

காற்று வறண்ட ஊர்களுக்கு முதல் நாளே தண்ணீர் ஊற்றச் சொல்வது சரி. நம் பக்கம் வெளிக்காற்றே ஈரத்தோடுதான் பெட்டிக்குள் நுழைகிறது. 30 டிகிரி செல்சியஸில் 75 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே ஈரப்பதம் சுமார் 49 சதவீதத்தில் நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரைதான். இதற்கு மேல் கிண்ணத்தையும் நிரப்பினால் 65, 70 என்று ஏறிவிடும்.

ஏறினால் என்ன கெடுதி? முட்டைக்குள் இருக்கும் நீரில் ஒரு பங்கு ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிப் போயாக வேண்டும். அது போன இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதன்முதலில் அலகை நுழைத்து மூச்சு இழுப்பதும் அந்தக் காற்றறையில்தான். நீர் போகாவிட்டால் காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு நீர் கோத்துப் பெருத்துவிடும், திரும்பி ஓட்டைக் கொத்த இடம் இருக்காது.

ஈரப்பத மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் போதும். 10 நாட்டுக்கோழி முட்டை சேர்ந்து 420 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 நாளில் 12 சதவீதம் குறைய வேண்டும். அதாவது 7-ஆம் நாள் சுமார் 400, 18-ஆம் நாள் சுமார் 370. 7-ஆம் நாள் 410 இருந்தால் ஈரம் அதிகம். பெட்டியின் காற்றுத் துளைகளை இன்னும் திறந்துவிடுங்கள். 392 என்றால் காற்று வறண்டிருக்கிறது. ஒரு சிறிய மூடி அளவு தண்ணீர் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியிலும், ஏசி ஓடும் அறையிலும், மேற்குக் காற்று அடிக்கும் மே மதியங்களிலும்தான் இந்தத் தேவை வரும்.

மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு மூடியில் உப்பைச் சேறுபோல் நனைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் 10 மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால், எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள்.

இன்குபேட்டருக்குச் சூடு ஏற்றத்தான் தெரியும்

இறக்கத் தெரியாது. இதை மறந்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே பெட்டியை வைப்பது அடுத்த பெரிய தவறு. மே மாத மதியத்தில் அறையே 38 டிகிரி தொட்டால், பல்ப் அணைந்திருந்தாலும் பெட்டி கொதிக்கும். கரு குளிரைச் சில மணி நேரம் தாங்கும்; பொரிப்பது ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூட்டைத் தாங்காது. 40.5 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் இருந்தாலே செத்துவிடும். ஷீட் வீடு என்றால் சித்திரை, வைகாசியில் முட்டை வைக்காமல் இருப்பதே நல்லது. மற்ற மாதங்களிலும் தரைத்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். ஃபிரிட்ஜ் மேல் வேண்டாம். அங்கே சூடும் அதிர்வும் உண்டு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போலத் தண்ணீர் தேங்கும் தெருக்களில் ஐப்பசி, கார்த்திகையில் தரையிலும் வேண்டாம், மேசை மேல் இருக்கட்டும்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிரும் இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வைக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் பொரிப்பு ஒரு நாள் முன்பின் ஆகும், குஞ்சின் தொப்புள் சரியாக மூடாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் சென்சாரையும் ஒரே டம்ளர் வெந்நீரில், 38 டிகிரி அளவில், சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். சென்சார் முனை நீர் புகாத வகையாக இருக்க வேண்டும்.

சொந்தமாகப் பெட்டி செய்பவர்கள் பலர் காசிமேட்டில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியை எடுக்கிறார்கள். வெப்பம் காக்க அருமையான பெட்டி, சந்தேகமே இல்லை. ஆனால் மீன் நீர் ஊறிய பெட்டியில் கிருமி இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் காய வையுங்கள். எல்.இ.டி. பல்ப் போதிய சூடு தராது. குண்டு பல்ப்தான் வேண்டும். 60 வாட் ஒன்றுக்குப் பதில் 40 வாட் இரண்டு போட்டால், இரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். பல்ப் தெர்மாகோலைத் தொட்டால் தீப்பிடிக்கும். சுற்றிலும் 10 சென்டிமீட்டர் இடம் விட்டு, பால் பவுடர் டின்னை வெட்டி மறைப்பு வையுங்கள்.

பல்பைத் தானாக எரியவைத்து அணைக்கும் சிறிய தெர்மோஸ்டாட் போர்டு வாங்கினால் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் பாருங்கள். குளிரூட்டும் முறையில் இருந்தால், சூடு ஏறிய பிறகுதான் பல்ப் எரியும், முட்டை வெந்துவிடும். அடுத்தது, மறுபடி பல்ப் எரிவதற்கு முன் எத்தனை டிகிரி இறங்க விடுவது என்ற அமைப்பு. இது 2 டிகிரி என்று வைக்கப்பட்டு வரலாம். 0.2 அல்லது 0.3-க்குக் குறையுங்கள். பிறகு முட்டையே இல்லாமல் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

முட்டை

நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டை பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. பழுப்பாக இருப்பதாலேயே கடை முட்டை கருவுள்ள நாட்டு முட்டை ஆகிவிடாது. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் விட்டு வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். செங்குன்றம், பொன்னேரி பக்கமிருந்து பைக்கில் கொண்டுவந்தால், குலுங்கிய காற்றறை நிலைக்கு வரக் கூர்முனை கீழே இருக்க 12 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அடை வையுங்கள்.

அழுக்கு முட்டையைக் கழுவுவது தவறு. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். பச்சைத் தண்ணீர் பட்டு உள்ளே சுருங்கும்போது கிருமியையும் துளை வழியாக இழுத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைக்க முடியாத அளவு அழுக்கு என்றால் அந்த முட்டையே வேண்டாம்.

தினம் ஒன்றாகக் கிடைக்கும் முட்டையைச் சேர்த்து வைக்கும் விதத்திலும் நிறைய வீணாகிறது. 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். ஆனால் நம் வீட்டு அறை 30-க்கு மேல். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்று செத்துவிடும். பிறகு அது கூமுட்டைதான். ஃபிரிட்ஜின் 4 டிகிரியோ அளவுக்கு மீறிய குளிர். ஈர மணலில் பதித்த மண்சட்டி, அல்லது ஏசி அறை. எதுவானாலும் நம் ஊரில் 4 நாளுக்குள் வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். இடையில் புதிய முட்டை சேர்த்தால், ஒன்றுக்குத் திருப்பலை நிறுத்தும் நாளில் இன்னொன்றுக்குத் திருப்ப வேண்டியிருக்கும்.

திருப்புவது, பார்ப்பது

பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளில் 3 அல்லது 5 முறை திருப்புங்கள். ஒற்றைப்படை என்றால் இரவு முழுக்க ஒரே பக்கம் கிடப்பது நாள்தோறும் மாறும். திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அதன் பலன் 21-ஆம் நாள் தெரியும்.

7-ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால்போல் ரத்த நாளம் பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. வளையமாகச் சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் கருவே இல்லை. கடைசி இரண்டையும் எடுத்துவிடுங்கள். உள்ளே அழுகி வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும்.

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் நிறுத்தும் நாட்களில் பெட்டியைத் திறக்காமல், பழைய போர்வையால் பக்கங்களைப் போர்த்துங்கள். காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம், 14 நாள் தாண்டிய முட்டைக்கு அறவே கூடாது. அப்போது கருவே சூடு வெளியிடும், காற்றும் நிறைய கேட்கும். இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் உண்டு. இடிச் சத்தத்தைவிட அதோடு போகும் கரண்டுதான் கெடுதல் செய்யும். சிறிய இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள்.

கடைசி மூன்று நாள்

முட்டை வைத்த நாளை பூஜ்யமாக எண்ணுங்கள். அதை ஒன்று என்று எண்ணினால் ஒரு நாள் முன்னதாகவே திருப்பலை நிறுத்திவிடுவீர்கள். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். தண்ணீர் இப்போதுதான் வேண்டும்: ஈரப்பதம் 65 முதல் 70. கிண்ணத்தின் ஆழம் உதவாது, பரப்புதான் உதவும். அகலத் தட்டில் நனைத்த ஸ்பாஞ்சு போதும்.

இதன் பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு குஞ்சை எடுக்கத் திறந்தால் ஈரம் வெளியேறி, பாதி உடைத்த மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். முதல் ஓட்டை விழுந்து 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு சும்மா கிடப்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில்தான் சவ்வின் ரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகின்றன. பரிதாபப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து செத்துவிடும். உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தீனி. ஆகவே முழுக்கக் காய்ந்து பஞ்சுபோல் ஆகும்வரை குஞ்சு பெட்டியிலேயே இருக்கலாம்.

வெளியே எடுத்து வேறு பெட்டியில் விட்டபின், பல்ப் போட்டு முதல் வாரம் 35 டிகிரி வையுங்கள், பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். கோடைப் பகலில் பல்ப் தேவைப்படாது. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினால் அணைத்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் போடுங்கள். வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் கேட்டுப் போடுங்கள். குஞ்சுகளை விட்ட பெட்டியின் தரையில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கி கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சணல் சாக்கு விரித்தால் நகம் பிடித்து நிற்கும்.